மெய்நிகர் உலகில் ஒரு யூத ஜெபாலயம்

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவுக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தைக் கண்டு, அதன் தரையிலுள்ள சீனத்துப் பீங்கான் ஓடுகளை வியந்து திரும்பிவிடுகின்றனர். அவ்வட்டாரத்திலேயே கடவும்பாகம் ஜெபாலயம் என்றொரு பழங்கட்டடம் உண்டு. கடவு என்பது மலையாளத்தில் படகுத்துறையைக் குறிக்கும். மலபார் யூதர் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது அது. அவர்களுள் மிகப் பலர் 1950களில் இஸ்ரேலில் குடியேறினர். ஜெபாலயம் பின்னர்ச் சரக்குக் கிடங்காயிற்று. செதுக்கு வேலையும் வண்ணமும் நிறைந்த அதன் உட்புற மரவேலைகளை ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் 1991இல் பெற்று, அங்கே காட்சிக்கு வைத்துள்ளது. மட்டாஞ்சேரியில் எஞ்சிய கட்டடத்தின் முன்பகுதி 2019 செப்டம்பர் மழையில் சரிந்தது.

இவ்வாறு கூடு ஓரிடத்திலும் உள்ளுறுப்பு வேறு நாட்டிலுமாகப் பிரிந்துவிட்ட கட்டடத்தை மீண்டும் ஒன்றாகக் காண்பதற்குக் கணிப்பொறிக்குள் அமையும் மெய்நிகர் உலகமே தக்க இடம். இதற்குப் பெருநிறுவனம் வேண்டுமென்பதில்லை. 2015இல் ஈராக்கின் மோசூல் அருங்காட்சியகச் சிற்பங்கள் உடைக்கப்பட்டபோது, முன்னர் அங்குச் சென்றோர் எடுத்த நிழற்படங்களைத் திரட்டி அவற்றின் வடிவங்களை மீட்கத் தொண்டர்கள் முன்வந்தனர். 2020இல் தொடங்கிய மற்றொரு கூட்டமோ, மைன்கிராப்ட் என்னும் விளையாட்டினுள் உலகம் முழுவதையும் உண்மை அளவிலேயே கட்ட முற்பட்டது!

நிழற்படம் உருவமாவது எங்ஙனம்? ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து எடுத்த படங்களில் பொதுவாகத் தோன்றும் புள்ளிகளைக் கணிப்பொறி ஒப்பிட்டு, முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிடுகிறது. அடுத்தடுத்த படங்கள் இரண்டிலும் பாதிக்கு மேற்பட்ட காட்சி பொதுவாக அமைதல் வேண்டும். செதுக்கிய மரத்தில் இத்தகைய புள்ளிகள் ஏராளம். வெள்ளையடித்த சுண்ணச் சுவரில் அவை மிகக் குறைவு. ஆதலால், எளிதென்று நாம் எண்ணும் வெறுஞ்சுவரே கணிப்பொறியைத் திணறவைக்கும். அங்கே அளவு நாடாதான் துணை. படங்களிலிருந்து கிடைக்கும் வடிவத்துக்கு உண்மை அளவு தானாக அமைவதுமில்லை. ஆகவே அளவுகோல் ஒன்றை உடன்வைத்துப் படமெடுத்தல் நன்று. கடும் வெயிலில் நிழல்கள் இடம் மாறிக் குழப்பும். மேகம் மூடிய பகலே ஏற்றது. கொச்சியில் அதற்குப் பஞ்சமில்லை.

குழு அமைப்போர் முதலில் கட்டடத்துக்குப் பொறுப்பானவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டும். அருங்காட்சியகப் படங்களைப் பயன்படுத்தவும் அவ்வாறே. அடுத்தது வேலைப் பங்கீடு. பதின்மர் சேர்ந்தால் பதின்மரும் மரவிதானத்தையே செய்ய விரும்புவர். சுவரின் கனத்தை அளக்க ஒருவரும் முன்வரார். எனவே யாருக்கு எது என்பது முதற் கூட்டத்திலேயே முடிவாகிவிட வேண்டும். அனைவருக்கும் அளவை மீட்டர்; அளக்கத் தொடங்கும் மூலைப்புள்ளியும் ஒன்றே. ஒருவர் அங்குலத்திலும் மற்றொருவர் மீட்டரிலும் செய்தால் கதவு நிலையிற் பொருந்தாது.

பெயர்களிலும் கருத்து வேண்டும். உத்தரம் இரு மொழிக்கும் பொது. ஆனால் நாம் கைமரம் என்பதை மலையாளிகள் கழுக்கோல் என்பர். பெயர்ப்பட்டியல் ஒன்று இல்லாவிடில், தமிழரும் மலையாளியரும் கலந்த குழுவில் ஒரே மரம் இருமுறை செய்யப்பட்டுவிடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது சிறு விஷயமாகத் தோன்றவில்லை. கருவிச் செலவு அஞ்சத்தக்கதன்று. பிளெண்டர் என்னும் மென்பொருளை 2002 முதல் எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்க்கவேண்டும். செய்தவரே பார்த்தால் பிழை கண்ணிற் படாது.

இனி, அளந்து அறிந்தது எது, படத்தைப் பார்த்து ஊகித்தது எது என்பதை வெவ்வேறு நிறத்தால் காட்டுவது இன்றியமையாதது. இத்துறைக்கென 2009இல் திருத்தி வெளியிடப்பட்ட இலண்டன் சாசனமும் ஊகத்தை ஊகமென்றே பதிவுசெய்யப் பணிக்கிறது. நிறக்குறி அழகைக் கெடுக்கும் என்று சிலர் முறையிடுவர். நாம் அவர் பக்கம் இல்லை. இடிந்த முன்சுவரை மனம்போனவாறு அழகுபடுத்திவிட்டால், நாளை அதனையே சான்றாகக் கொள்வோர் இருப்பர்.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சாளரம் போதும். பதின்மரும் அதனைத் தனித்தனியே அளந்து, அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், நாடாவை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும்.