நஞ்சு காவலான கதை

வனேடியம் பென்டாக்சைடு ஆசிரியர்களுக்குப் புதிய பொருளன்று. கந்தக அமிலம் தயாரிக்கும் தொடுமுறையில் அது கிரியா ஊக்கி என்பதை ஆண்டுதோறும் கற்பித்து வருகிறோம். அந்த மஞ்சள் தூள் நஞ்சு. உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவங்களைத் தோற்றுவிப்பது. அதனையே உயிரணுவுக்குக் காவலாக்கலாம் என்று பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் ஜி. முகேஷும் அவர்தம் குழுவினரும் 2014-ஆம் ஆண்டில் காட்டினர்.

இஃது எங்ஙனம் கூடும்? நம் உடலில் ஹைட்ரஜன் பெராக்சைடு இடையறாது உண்டாகிறது. அளவு மிகின் தீங்கு. செலீனியம் அடங்கிய ஓர் என்சைம், குளூட்டத்தயோன் என்னும் பொருளின் துணைகொண்டு, அதனை நீராக மாற்றிவிடும். வனேடியம் பென்டாக்சைடைத் தூளாக விடாது, நுண்கம்பிகளாக வளர்த்தனர். கம்பியின் தடிப்பை நானோமீட்டரில், அதாவது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அளவையில், அளத்தல் வேண்டும். அக்கம்பிகளின் மேற்பரப்பு, குளூட்டத்தயோன் உடனிருக்கையில், அந்த என்சைமின் வேலையையே செய்தது!

உருவமும் இங்குப் பொருட்படுத்தத் தக்கது. கம்பி, தகடு, பூ, கோளம் என உருவம் மாறுந்தோறும் வினைத்திறனும் மாறுவதை அக்கழகத்தார் 2018-இல் கண்டனர். படிகத்தின் எம்முகம் வெளிப்பட்டு நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது.

எனினும் இதனை மருந்தெனக் கொள்ளலாகாது. 2014-இல் பெற்ற முடிவு, சோதனைச்சாலையில் வளர்த்த உயிரணுக்களில் கண்டதே. நுண்கம்பிகள் உடலில் எங்குத் தங்கும், எவ்வாறு வெளியேறும் என்பவற்றை ஆராய்ந்தறியாமல் நோயாளிக்குக் கொடுத்தல் இயலாது. பள்ளிச் சோதனைச்சாலைப் புட்டியில் உள்ள தூளோ, முன்போலவே நஞ்சு, கையாலும் தொடற்க.