வண்டிக்குள் வெப்பம் புகும் வழிகள்

பெங்களூரிலிருந்து ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் பொம்மசந்திராத் தொழிற்பேட்டை வருகிறது. அங்கே பணிபுரியும் தமிழன்பர்களுள் சிலர் பழைய மகிந்திரா ஜீப்போ, 1985-இல் அறிமுகமான மாருதி ஜிப்சியோ வைத்திருக்கக்கூடும். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் அவ்வண்டியின் உட்சூடு பெரிதாகத் தோன்றாது. கோடை விடுமுறைக்குக் குடும்பத்துடன் புறப்பட்டு, கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கியதும் கால் வைக்கும் இடம் கொதிக்கும்.

உடனே கனத்த விரிப்பை வாங்கிப் போடுவது வழக்கம். அது நோயை அறியாமல் மருந்து உண்பதற்கு ஒப்பாகும். வெப்பம் நீர், காற்று, உலோகம் என்னும் மூன்று வழிகளில் உள்ளே வருகிறது. எவ்வழி என்று முதலில் காண வேண்டும்.

முதலாவது நீர். ஹீட்டர் பொருத்திய வண்டிகளில் எஞ்சினின் வெந்நீர் இரண்டு ரப்பர்க் குழாய்களின் வழியே உள்ளே வந்து திரும்புகிறது. ஹீட்டரை நிறுத்திய பிறகும் இரு குழாய்களும் சுடுமானால், வால்வு துருப்பிடித்திருக்கலாம். அல்லது அதை இயக்கும் கம்பி கழன்றிருக்கலாம். வால்வே இல்லாத அமைப்பாயின், காற்றைத் திருப்பும் தகட்டைச் சோதிக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். அழுத்தம் குறைந்த கணமே நீர் கொதித்துப் பீறிடும்.

இரண்டாவது காற்று. நாற்சக்கர இயக்க வண்டியில் கியர்த் தண்டு ஒன்றோடு நிற்பதில்லை. நாற்சக்கர இயக்கத்துக்கெனத் தனித் தண்டுகளும் தரையைத் துளைத்து வருகின்றன. அவற்றின் ரப்பர் உறைகள் காலப்போக்கில் கிழிந்துவிடும். எஞ்சினை நிறுத்தி, இரவில் அதன் பக்கமும் வண்டியின் அடியிலும் விளக்கை வைத்து, உள்ளே இருளில் அமர்ந்து பாருங்கள். ஒளி நுழையும் துளை யாவும் வெப்பம் நுழையும் துளையே. புதிய உறைகளும் ரப்பர் வளையங்களும் அதிகச் செலவு வைப்பவை அல்ல.

மூன்றாவது உலோகம். புகைக்குழாய் தரைக்கு அடியில் செல்லும் இடத்தில் வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருந்தால், தரையே அடுப்பாகும். குழாய்க்கும் தரைக்கும் இடையே, இரண்டையும் தொடாமல் தகட்டைப் பொருத்த வேண்டும். இடையிலுள்ள காற்றே சிறந்த காப்பு. எண்ணெய் ஊறிய விரிப்போ, தீப்பற்றும் பஞ்சோ அங்கே கூடாது. மிகப் பழைய வண்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் உறை இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள்.

இவை அனைத்திலும் முக்கியமானது ஒன்று உண்டு. வெப்பம் புகும் துளையின் வழியே புகையும் புகும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைக்கு அது உறக்கத்திலேயே ஆபத்தாகலாம். எஞ்சினைத் தொடங்கியதும் டக்டக்கென்ற ஒலி கேட்டாலும், குழாய் இணைப்பில் கரி படிந்திருந்தாலும், பயணத்தில் தலை வலித்தாலும், வண்டியை நிறுத்திக் கதவுகளைத் திறந்து அனைவரும் வெளியே வந்துவிடுங்கள். கசிவைச் சரிசெய்யாமல் மேலே செல்லாதீர்கள்.

ஆகவே, ஊருக்குப் புறப்படும் முன் ஒரு மாலைப் பொழுதை இச்சோதனைக்கு ஒதுக்குங்கள். முதலில் புகைக்குழாய், அடுத்துத் துளைகள், பிறகு வெந்நீர், விரிப்பு கடைசியில்தான்.