நெய்வேலிக்கு நிலக்கரி

"ஏண்ணே, நாயும் பூனையுமா மழை பெய்யும்னு பிள்ளையோட புத்தகத்துல போட்டிருக்கே. வெள்ளைக்காரன் ஊர்ல அப்படியா பெய்யுது?"

பண்ருட்டி டீக்கடையில் கேட்டவர் முந்திரி வியாபாரி. ஏழாம் வகுப்பு மகளுக்கு மறுநாள் ஆங்கிலத் தேர்வு. பத்து தொடர்கள், பத்து பொருள்கள், எல்லாம் மனப்பாடம். ஒன்றும் விளங்கவில்லையாம்.

"பாப்பாவ 'முந்திரிக்கொட்டை'ன்னு திட்டியிருக்கீங்களா?"

"தினமும்தான். பேச்சுக்கு நடுவுல முந்திக்கிட்டு வந்துடுவா."

அங்கேயே பாதிப் பாடம் முடிந்தது. பழத்துக்கு வெளியே கொட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிற மரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் திட்டுக்கு யாரும் அருஞ்சொற்பொருள் எழுதித் தரவில்லை. அதையே 'மாங்கொட்டை' என்று மாற்றித் திட்டினால் சிரிப்பாள். மரபுத்தொடரில் சொல்லை மாற்ற முடியாது, பிரித்துப் பொருள் கொள்ளவும் முடியாது. 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்றால் அடைமழை, அவ்வளவுதான். கூரையில் படுத்திருந்த பூனைகள் வழுக்கி விழுந்ததால் வந்த தொடர் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது.

சில தொடர்களுக்கு ஊர் தெரிய வேண்டும். 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது' என்பார்கள். வட இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரை நகரம் அது. லண்டனின் அடுப்புகளுக்குப் பல நூற்றாண்டுகள் அங்கிருந்துதான் கப்பலில் கரி போனது. அங்கேயே கரி விற்கப் போகிறவனை என்னவென்று சொல்வது? நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பவன் என்கிறோம். நம் பிள்ளைக்கு அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது நெய்வேலி. 1956இல் நிறுவனம் தொடங்கி இன்றுவரை பழுப்பு நிலக்கரி தோண்டும் ஊருக்கு யாராவது கரிமூட்டை தூக்கிப்போவார்களா? பண்ருட்டிக்கே பலாப்பழம் வாங்கி வருகிற விருந்தாளியும் அந்த ரகம்தான்.

'டஃப் நட் டு கிராக்' இங்கே விளக்கமே வேண்டாத தொடர். ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகும் என்று தெரிந்தே முந்திரி உடைக்கிறவர்கள் ஊர் இது. எளிதில் பிடிகொடுக்காத ஆளுக்கும் கணக்குக்கும் அப்படிச் சொல்வார்கள்.

பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. யார், யாரிடம், எப்போது சொல்வார்கள் என்பதுதான் புத்தகத்தில் வராத பாடம். 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது என்று பட்டியலில் இருக்கிறது. அதை நம்பி ஒரு பிள்ளை தாத்தா இறந்ததற்கு விடுப்புக் கடிதத்தில் அப்படி எழுதினால் என்ன ஆகும்? நம் பக்கம் 'மண்டையைப் போட்டுட்டாரு' என்பதற்கு நிகரான பேச்சு அது. துக்க வீட்டில் சொல்லிப் பாருங்கள்!

வெள்ளைக்காரர்களும் நம் பழமொழிகளோடு மல்லுக்கட்டியவர்கள்தாம். பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874இல் சென்னையில் பதிப்பித்தார். 1897இல் ஹெர்மன் ஜென்சன் என்ற டென்மார்க்குக்காரர் இன்னொரு தொகுப்பு போட்டார்.

வியாபாரி கிளாசைக் கீழே வைத்தார். "அப்போ இன்னிக்கு ராத்திரி என்ன படிக்கச் சொல்ல?"

பத்தையும் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். மூன்று போதும். ஒவ்வொன்றையும் வீட்டில் யாரைப் பார்த்துச் சொல்லலாம் என்று அவளையே கேளுங்கள்.