ஜவ்வாது மலையின் குளிர்காலக் கதிர்க்குருவி

ஆரணி வழியே ஓடும் கமண்டல நாகநதி பிறக்கும் ஜவ்வாது மலையில், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மரங்களின் இலைச்செறிவை உற்றுப் பாருங்கள். சிட்டுக்குருவியைவிடச் சிறிய, வெளிர்பச்சைக் கதிர்க்குருவி ஒன்று இலைக்கு இலை தாவிப் பூச்சி பிடிக்கும். பெரும்பாலும் அதன் கூர்மையான குரலே முதலில் எட்டும். இந்த இனம் கூடு கட்டுவது வடகிழக்கு ஐரோப்பா முதல் சைபீரியா வரையுள்ள காடுகளில். போலந்து, பெலாரஸ் எல்லையில் உள்ள பழம்பெரும் பியாவோவியெஜா காட்டுக்கு மே மாதம் செல்வோர் இதே இனத்தின் பாட்டைக் கேட்கக்கூடும்.

குஞ்சு பொரிப்பது அங்கேதானே, நமக்கு இது விருந்தாளிதானே என்று கேட்கலாம். ஆண்டில் பாதிக்கு மேல் தங்கும் உயிரை விருந்தாளி என்பது பொருந்தாது. வடக்கே அது கழிப்பது கோடை மட்டுமே. ஒரு மரத்தை வெட்டினால் அடுத்த மரத்துக்குப் போய்விடாதா? அவ்வளவு எளிதல்ல. கிழக்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் குருவியை ஆராய்ந்து டிரெவர் பிரைஸ் 1981இல் வெளியிட்ட கட்டுரை, குளிர்காலத்திலும் ஒவ்வொரு குருவியும் தனக்கென எல்லை வகுத்துக் காப்பதைக் காட்டியது. அடுத்த மரத்தில் ஏற்கெனவே வேறொன்று குடியிருக்கும். ஆகவே ஐரோப்பியக் காட்டை எவ்வளவு காத்தாலும், இந்தச் சரிவின் மரங்கள் குறைந்தால் அங்கே திரும்பும் குருவிகளும் குறையலாம்.