காரணம் சொல்லும் கணினி – 17: எட்டே எட்டுப் புள்ளிகள்

போன வாரக் கதை இரண்டே வரி: பிளான்ட்வில்லேஜ் தொகுப்பில் 54,306 இலைப் படங்கள். அவற்றில் பழகிய கணினி 2016இல் நூற்றுக்கு 99க்கு மேல் சரியாக நோயைச் சொன்னது. இந்த வாரம் செம்பனை மேல் பறக்கும் டிரோனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு ஆய்வு கையில் அகப்பட்டது. நான்கு நாளாக அதே நினைப்பு.

மெஹ்மெட் அலிஜான் நோயன் 2022இல் அதே படங்களை எடுத்தார். ஒவ்வொன்றிலும் எட்டே எட்டுப் படப்புள்ளிகளை (பிக்சல்) மட்டும் விட்டுவைத்தார். அந்த எட்டும் இலையில் இல்லை, பின்னணியில்! பயிரும் நோயுமாக மொத்தம் 38 வகை. குருட்டாம்போக்கில் சொன்னால் நூற்றுக்கு 2.6 சரியாக வரும். எட்டுப் புள்ளியைப் பார்த்த கணினிக்கு 49 சரியாக வந்தது. இலையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பாதிக்குப் பாதி!

எப்படி? இலைகளைப் பறித்துத் தாள்மேல் வைத்துப் படம் பிடித்தார்கள். ஒரு நோயின் இலைகளை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்தால் தாளின் நிறமும் நிழலும் நோயின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 2016 ஆய்வாளர்களே வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது 99 என்பது 31 ஆகச் சரிந்திருந்தது. அந்தச் சரிவைப் படித்தபோது புரியாதது இப்போது கொஞ்சம் புரிகிறது.

இங்கே மலாக்காவின் ஜாசின் பக்கத்துப் பெரியம்மா ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ரப்பர் மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் உதிரிப்பழம் பொறுக்கினார். ஒருநாள் நடந்துகொண்டே, "இந்த மரம் போச்சு தம்பி" என்றார்.

"எப்படித் தெரியும் பெரியம்மா?"

"நடுவுல பாரு, மூணு குருத்து விரியாம நிக்குது. கீழ்மட்டையெல்லாம் பாவாடை மாதிரி தொங்குது. தூர்ல தட்டு, பொத்துனு கேக்கும். காளானும் வந்துட்டா அவ்வளவுதான்."

கானோடெர்மா என்ற பூசணம் அது. மட்டையில் அடையாளம் தெரிவதற்குள் அடித்தண்டில் பாதி அழுகியிருக்கும். பெரியம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் நானே போய்ச் சரிபார்க்க முடிந்தது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ‘தான் சே யான்’ என்பவர் ரப்பர் நட்டதற்குப் பின் இந்த மாநிலத்தில் பெருகிய தோட்டங்களில், நம்மவர்கள் மரத்தின் முகம் பார்த்தே பிழைத்தார்கள்.

கணினியிடமும் காரணம் கேட்கலாம். எளிய வழி, மறைத்துப் பார்ப்பது. படத்தில் ஒரு சிறு சதுரத்தைச் சாம்பல் நிறத்தால் மூடுங்கள். விடை தடுமாறினால் கணினி அந்த இடத்தைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறது. சதுரத்தை நகர்த்திக்கொண்டே போனால் முழுப் படமும் தெரிந்துவிடும். இன்னொன்று, 2017இல் ராம்பிரசாத் செல்வராஜுவும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட கிராட்-கேம். அது கணக்குக்குள் புகுந்து, எந்தப் பகுதி விடையைத் தூக்கிவிட்டது என்று கண்டு, படத்தின்மேல் சிவப்பு வண்ணம் பூசிக் காட்டும். அந்தச் சிவப்பு, இலைப்புள்ளி மேல் விழுந்தால் நிம்மதி. தாளின் மூலையில் விழுந்தால் அந்தக் கணினியைத் தோட்டத்துக்குள் விடவே கூடாது.

சரியான இடத்தில் விழுந்தாலும் கேள்வி பாக்கி இருக்கிறது. விரியாத குருத்து நீண்ட வறட்சியிலும் வரும். குருத்தை மட்டும் பார்த்து "கானோடெர்மா" என்று கணினி சொன்னால் பெரியம்மா விடமாட்டார். "மழை பேஞ்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுவிட்டுத் தூரைத் தட்டப் போவார். கணினி எதைப் பார்த்தது என்று தெரிவதால்தான் அவரால் அப்படி மறுத்துப் பேச முடியும்.

டுரியான் துங்காலிலோ புக்கிட் பெருவாங்கிலோ கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். படம் எடுக்கத் தாள் வேண்டாம். மரத்திலேயே எடுங்கள், வெயிலிலும் மழை இருட்டிலும். பக்கத்தில் ஒரு பெரியம்மாவை நிறுத்தி, அவர் சொல்லும் காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டிரோன் அடுத்த வாரம். மேலே பறக்கும் அதற்குத் தூர் தெரியாது, காளான் தெரியாது. பிறகு எதைப் பார்த்து மரத்துக்குச் சிவப்புக் குறி போடுகிறது என்பதைத்தான் பேசப் போகிறோம்.