இரும்புத் தகட்டில் ஒரு கடத்தல்

‘புரோசர்பினாவைக் கவர்ந்து செல்லுதல்’ ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1516-இல் உருவாக்கிய அச்சோவியம். இரும்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்டது; உயரம் சுமார் 31 செ.மீ., அகலம் 21 செ.மீ.

கதை பழையது. சிசிலித் தீவில் பூப்பறித்துக்கொண்டிருந்த புரோசர்பினாவைப் பாதாள அரசன் புளூட்டோ தூக்கிச் சென்றான். மகளைத் தேடி அலைந்த பயிர்த் தெய்வம் சீரிஸின் கோபத்தில் பயிர்கள் பட்டுப்போயின. கடைசியில் ஆண்டில் பாதி தாயோடு, பாதி கணவனோடு என்று தீர்ப்பானது. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் புளூட்டோ வருவது குதிரை பூட்டிய தேரில்.

டியூரர் தேரை விட்டுவிட்டார். முன்கால்களைத் தூக்கிப் பாயும் முரட்டு ஒற்றைக்கொம்பன் மீது, தலைமயிர் பறக்க, ஆடையற்ற ஒருவன். அவன் பிடியில் வாய்திறந்து அலறும் பெண். நியூயார்க் மார்கன் நூலகத்திலுள்ள முன்வரைவில் அந்த விலங்கு வெறும் குதிரைதான். தகட்டுக்கு வரும்போது கொம்பு முளைத்திருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் ஒற்றைக்கொம்பன் கன்னிமையின் அடையாளம். கன்னியின் மடியில்தான் அது அடங்கும் என்பார்கள். அதையே கடத்துபவனின் வாகனமாக்கியதுதான் படத்தின் விபரீதம். டியூரர் பொறித்தது ஆண்டும் தன் பெயர் முத்திரையும் மட்டுமே. தலைப்பு பிறர் வைத்தது. இவள் புரோசர்பினாதானா என்ற கேள்வி அதனால் இன்றும் உண்டு.

செப்புத் தகட்டில் உளியால் செதுக்கும்போது கை அழுத்தத்துக்கேற்பக் கோடு தடித்து மெலியும். டியூரர் அதில் மன்னன். அமில அரிப்பு வேறு வகை. தகட்டின் மேல் மெழுகு போன்ற காப்புப் பூச்சைத் தடவி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் தின்ன விட வேண்டும். கவசங்களுக்கு அலங்காரம் செய்தவர்களின் வேலை இது. அதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி ஆக்ஸ்பர்கின் டேனியல் ஹோப்பர்.

ஒரே தடவையில் அரித்த இரும்பில் எல்லாக் கோடுகளும் ஏறத்தாழ ஒரே தடிமன், ஓரங்கள் சொரசொரப்பு. நுணுக்கத்துக்குப் பேர்போனவருக்கு இது இழப்புதான். ஆனால் பின்னால் திரளும் கருமேகமும் விலங்கின் பிடரியும் அவன் தலைமயிரும் ஒரே கிறுக்கலாகக் கலந்து சுழல்வதற்கு அந்த முரட்டுக் கோடே கைகொடுத்தது.

1515 முதல் 1518 வரை டியூரர் இம்முறையில் செய்தவை ஆறே ஆறு. பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. 1520-இல் நெதர்லாந்து ஓவியர் லூகாஸ் வான் லெய்டன் செம்பிலேயே அமில அரிப்பைச் செய்து காட்டினார். இரும்போ துருப்பிடிக்கும், பிற்காலப் படிகளில் தெரியும் திட்டுகள் அந்தத் துருவின் தடம்.