தெருக்குரல் அறிவின் சொல்லிசை: வாய்மொழி மரபும் படைப்புரிமையும்

முன்னுரை

1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றிய ஹிப்ஹாப், வணிக வெற்றி பெற்றபின் பல கிளைகளாகப் பிரிந்தது. சந்தையின் வாய்பாடுகளை விலக்கி, சமூக விமர்சனத்தையும் பிற இசை மரபுகளையும் உள்வாங்கிய கிளை மாற்று ஹிப்ஹாப் எனப்படுகிறது. தமிழில் இப்போக்கின் முதன்மைக் கலைஞர்களுள் ஒருவர் அறிவு. அவரது கலைவாழ்வின் வழியாக, வாய்மொழி மரபில் வேர்கொண்ட படைப்புக்கு உரியவர் யார் என்னும் சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

கலைவாழ்வு

அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு (அறிவரசு கலைநேசன்), பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின்வழி அறிமுகமானார். அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சாதியற்ற தமிழர் என்னும் கருத்தாக்கத்திலிருந்து பெயர் பெற்ற இக்குழு, 2018 சனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. கானா, ராக், சொல்லிசை ஆகியன அங்கு ஒரே மேடையைப் பகிர்ந்தன.

2019இல் ஆஃப்ரோவுடன் இணைந்து 'தெருக்குரல்' தொகுப்பை அறிவு வெளியிட்டார். 'திருக்குறள்' என்னும் பெயரின் ஓசையை நினைவூட்டும் இத்தலைப்பு, தெருவின் பேச்சையும் நூலாகக் கருதக் கோருகிறது. 2021இல் வெளிவந்த 'மாஸ்டர்', 'சார்பட்டா பரம்பரை' ஆகிய படங்களின் பாடல்கள் அவரை வெகுமக்களிடம் கொண்டுசேர்த்தன.

பாட்டியின் நினைவு

2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி', அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலிருந்து பிறந்தது. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க வகைசெய்தது. அத்தகைய இடப்பெயர்வுகளின் துயரை இப்பாடல் ஒப்பாரியின் விளிமுறையில் பதிவுசெய்கிறது. 'சாமி' என்பது உழைப்பாளர் நிலவுடைமையாளரை அழைத்த சொல். பாட்டி பேரப்பிள்ளையைக் கொஞ்சும் சொல்லும் அதுவே. இவ்விரு பொருளும் தலைப்பில் ஒருங்கே ஒலிக்கின்றன.

படைப்புரிமைச் சிக்கல்

2022இல் சென்னையில் நடைபெற்ற செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் இப்பாடல் நிகழ்த்தப்பட்டது. தொடர்ந்து, வரிகளோடு மெட்டும் தம்முடையதே என அறிவு பொதுவெளியில் உரிமை கோரினார். இசையாக்கம் தம்முடையது எனச் சந்தோஷ் நாராயணன் விளக்கமளித்தார்.

இம்முரண் தனிமனிதரைக் கடந்த ஒன்று. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வரிக்கு எழுதியவரையும், இசைக்கு இசையமைப்பாளரையும், ஒலிப்பதிவுக்குத் தயாரிப்பாளரையும் ஆசிரியராகக் கொள்கிறது. ஒப்பாரியிலோ சொல்லும் ஓசையும் ஒரே மூச்சில் பிறக்கின்றன. சொல்லிசையிலும் சொல்லின் நடையே தாளமாகிறது. எனவே வரி எங்கு முடிந்து இசை எங்குத் தொடங்குகிறது எனப் பிரிப்பது எளிதன்று. நினைவை வழங்கிய முதியவருக்கோ இப்பகுப்பில் இடமே இல்லை.

முடிவுரை

அறிவு தம் பிற்காலத் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' எனப் பெயரிட்டமை, சட்டம் குறிக்காத அம்மூலத்தை ஆசிரியப் பெயருக்குள் கொண்டுவரும் செயலாகும். நாட்டார் பாடல்களைத் தொகுத்த பலர் பாடியவர் பெயரை விடுத்து ஊர்ப்பெயரை மட்டும் குறித்தனர். களஆய்வில் சொல், மெட்டு, நினைவு ஆகிய மூன்றுக்கும் உரியோரைத் தனித்தனியே பதிவுசெய்வது இனி ஆய்வாளரின் கடமையாகிறது.